வெட்டினால்தான் காய்க்கும்: பொறவாசலில் மல்பெரி வளர்க்கும் விதம்

மல்பெரி மரத்தை நான் முதலில் பார்த்தது தின்பதற்காக அல்ல, வெட்டுவதற்காக.

மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான், அதில் முக்கால்வாசி லைன்மேனாக. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்துவார்களே, அன்றைக்கு எங்களுக்குப் பாதி வேலை மரம் கழிப்பதுதான். கம்பியில் கரண்ட் இல்லை என்பதற்கான அனுமதி, அதாவது லைன் கிளியர் வாங்கிக்கொண்டு, தொரட்டியும் அரிவாளுமாகத் தெருத்தெருவாகப் போவோம். வேம்பு, வாகை, பூவரசு, முருங்கை, எதுவாக இருந்தாலும் கம்பியைத் தொட்டால் ஒரே வைத்தியம். 2006-இல் அப்படித்தான் பாளையங்கோட்டையில் ஒரு காம்பவுண்டுக்குள் இருந்து கம்பி மேல் சாய்ந்திருந்த மரத்தை மொட்டையடித்தேன். ஒரு இலை மிச்சமில்லை. அந்த வீட்டு அக்கா வெளியே வந்து, "ஏ தம்பி, பிள்ள மாதிரி வளத்த மரத்த இப்படிப் பண்ணிட்டியளே, நல்லா இருப்பியளா?" என்று பிடித்த பிடியில் நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கே போய்விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அதே தெருவில் ஒரு சர்வீஸ் வயர் அறுந்து போனது. தலையைக் குனிந்துகொண்டுதான் போனேன். அக்கா கேட்டைத் திறந்து, "தம்பி, இங்க வாங்க" என்றார். சரி, இன்றைக்கு நமக்குப் பூசைதான் என்று நினைத்தால், கையில் ஒரு சில்வர் கிண்ணம். அது நிறையக் கன்னங்கறுப்பாகப் பழம். "இந்த மரம் வச்சு ஆறு வருசமாச்சு. இம்புட்டுக் காய்ச்சதே இல்ல. அடுத்து எப்ப வெட்ட வருவிய?" என்று கேட்டார்.

அன்றைக்கு அவரிடமிருந்து அஞ்சு குச்சி வாங்கி வந்தேன். இன்றைக்கு எங்கள் பொறவாசலில் நிற்பது அந்தக் குச்சியில் ஒன்றுதான். மல்பெரி வளர்க்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வதும் அந்த அக்கா வீட்டில் படித்த பாடத்தைத்தான். இந்த மரம் புதுத் துளிரில் காய்க்கிற ஜாதி. பழைய கிளையைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தால் இலைதான் தின்னலாம்.

மற்ற பெர்ரிகளைப் பற்றி முதலில் பேசி முடித்துவிடுகிறேன்

பெர்ரி என்றதும் பிள்ளைகளுக்கு ஸ்ட்ராபெரி, புளூபெரிதான் ஞாபகம் வருகிறது. நானும் ஆசைப்பட்டுப் பார்த்தவன்தான்.

என் பேரன் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் கொடைக்கானலில் இருந்து நாலு ஸ்ட்ராபெரி நாற்று கொண்டுவந்தான். கார்த்திகையில் நட்டோம். மார்கழியில் பூத்தது, தை மாதம் மொத்தம் பதினோரு பழம் கிடைத்தது. எண்ணி எண்ணித்தான் தின்றோம். பங்குனி வெயில் தொட்டதும் இலை ஓரம் கருகி, சித்திரைக்குள் நாலும் போய்விட்டது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ட்ராபெரி விளைகிற மகாராஷ்டிரத்து மகாபலேஸ்வரம் 1,300 மீட்டருக்கு மேலே. பாளையங்கோட்டையோ சுமார் 50 மீட்டர்தான். மே மாதம் இங்கே 38, 39 டிகிரி அடிப்பது சாதாரணம். கார்த்திகையில் நட்டு மாசியோடு முடித்துக்கொள்கிற விளையாட்டுப் பயிராக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

புளூபெரி கதை இன்னும் மோசம். ஆன்லைனில் 'புளூபெரி விதை' என்று ஒரு பாக்கெட் வாங்கினேன். முளைத்தது, நன்றாகவும் வளர்ந்தது, வெள்ளைப் பூ வைத்தது, குட்டி குட்டியாகக் கறுப்புப் பழமும் பிடித்தது. தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். வீட்டில் அவள் குனிந்து ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டுவிட்டு, "இது மிளகுதக்காளில்லா!" என்றாள். ஊரில் மணத்தக்காளி என்கிறார்களே, அதே தான். இருநூறு ரூபாய்க்கு மிளகுதக்காளி விதை வாங்கியவன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். நிஜப் புளூபெரிக்கு மண்ணின் புளிப்பு அதிகம் வேண்டும், பி.எச். 4.5 முதல் 5.5-க்குள் இருக்க வேண்டும். நம் போர் தண்ணீரில் வாளியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்ற ஊற்ற மண் எதிர்ப்பக்கம்தான் போகும். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தாவரவியல் படித்தவர்களைக் கேட்டால் இன்னொரு வேடிக்கை சொல்வார்கள். ஸ்ட்ராபெரியும் மல்பெரியும் கணக்குப்படி பெர்ரியே கிடையாதாம். தக்காளி, கத்தரி, மிளகாய், அந்த மிளகுதக்காளி எல்லாம்தான் நிஜப் பெர்ரியாம். அப்படிப் பார்த்தால் பாக்கெட்டில் எழுதியிருந்தது பாதி உண்மைதான்.

குச்சி தேர்ந்தெடுப்பது

மல்பெரிக்கு முசுக்கொட்டை என்று பேர் உண்டு. பட்டுப்பூச்சிச் செடி என்று சொன்னால் இன்னும் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள். விதை போட்டு வளர்க்கிற வேலை வேண்டாம், வருடக்கணக்கில் ஆகும். குச்சிதான் வழி.

இதில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. மல்பெரியில் ஆண் பூவும் பெண் பூவும் பெரும்பாலும் தனித்தனி மரத்தில் இருக்கும். ஆண் மரத்துக் குச்சியைக் கொண்டுவந்து நட்டால் நீங்கள் தலைகீழாக நின்றாலும் பழம் வராது. பச்சையாகப் புழு மாதிரி பூங்கொத்து தொங்கும், மகரந்தத்தைக் கொட்டும், உதிரும். என் மச்சினன் வீட்டில் ஏழு வருடம் அப்படி ஒரு மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அதனால் நீங்கள் கண்ணால் பழம் பார்த்த மரத்தில் இருந்து மட்டும் குச்சி எடுங்கள். நர்சரியில் வாங்கினாலும் காய் தொங்குகிற செடியாகப் பார்த்து வாங்குங்கள். பெண் மரத்தில் பிஞ்சு பிடிக்கப் பக்கத்தில் ஆண் மரம் வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை. எங்கள் தெருவில் வேறு மரமே கிடையாது, காய்ப்புக்கு ஒரு குறையும் இல்லை.

தென்காசிப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறவர்களிடம் குச்சி சும்மாவே கிடைக்கும், கட்டுக்கட்டாக வெட்டிப் போடுவார்கள். ஆனால் வி-1, எம்.ஆர்.2 என்று அவர்கள் வைத்திருப்பதெல்லாம் இலைக்காகத் தேர்ந்தெடுத்த ரகம். புழு தின்ன நல்லது, பேரன் தின்ன அவ்வளவு விசேஷமில்லை. விரல் நீளத்துக்குத் தொங்குகிற நீளப்பழ ரகம் இப்போது நர்சரிகளில் கிடைக்கிறது. இனிப்பு நன்றாக இருக்கும், புளிப்பு குறைவு. எனக்கு அந்தப் புளிப்பு வேண்டும், அதனால் பழைய ரகத்தையே வைத்திருக்கிறேன்.

குச்சி பென்சில் கனம் இருக்க வேண்டும். நுனியில் இருக்கிற பச்சைத் தண்டு அழுகும், அடியில் இருக்கிற கட்டைத் தண்டு அசையாது. பழுப்பாக முற்றிய நடுப்பகுதியில், மூன்று நாலு கணு வருகிற மாதிரி ஒரு ஜாண் நீளம் வெட்டுங்கள். அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டு, மேல்பக்கம் கணுவுக்கு ஒரு விரல் மேலே நேராக வெட்டு. இது அழகுக்காக அல்ல. எது மேல் எது கீழ் என்று பிறகு தெரியாமல் போய்விடும். அக்கா கொடுத்த அஞ்சு குச்சியில் இரண்டை நான் தலைகீழாக நட்டு, ஒரு மாதம் பக்தியோடு தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

இலையை எல்லாம் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சற்றுச் சாய்த்து ஊன்றுங்கள். பால் பாக்கெட் கவர் போதும், அடியில் நாலு ஓட்டை. செம்மண் பாதி, மக்கிய சாணமும் மணலும் சேர்ந்து பாதி. தென்னைநார்க் கழிவு சேர்ப்பதானால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் போடுங்கள், அதில் உப்பு இருக்கும். நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் துளிர் வரும். துளிர் வந்ததும் துள்ள வேண்டாம், குச்சிக்குள் இருக்கிற சத்தில்தான் அது வருகிறது, வேர் அதற்கு அப்புறம்தான். 'வேர் விட்டதா பார்ப்போம்' என்று பிடுங்கிப் பார்க்கிற பழக்கம் எங்கள் வீட்டில் ஒருவருக்கு உண்டு, யார் என்று சொல்ல மாட்டேன். இரண்டு மாதம் தொடாதீர்கள். பத்துக் குச்சி வைத்தால் எனக்கு ஆறு தேறும். ஐப்பசி மழை தொடங்குகிற சமயம் வைத்தால் எட்டுகூடத் தேறும்.

எங்கே நடுவது

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி. எங்கள் பக்கம் அரை அடிக்குக் கீழே சரள்தான், கடப்பாரை போட்டால்தான் இறங்கும். வெட்டிய சரளில் பெரிய கல்லை எடுத்துவிட்டு, மிச்சத்தோடு இரண்டு கூடை மக்கிய சாணம், இரண்டு கை வேப்பம்புண்ணாக்கு கலந்து மூடினால் போதும். சுவரில் இருந்தும் செப்டிக் டேங்கில் இருந்தும் எட்டு அடியாவது தள்ளி நடுங்கள். வேர் தண்ணீரைத் தேடிக்கொண்டு போகும்.

துணி காயப்போடுகிற கொடிக்குப் பக்கத்தில் வேண்டாம். காரணத்தைப் பிற்பாடு உங்கள் வீட்டு அம்மாவே சொல்வார்.

இன்னொன்று, இதைச் சொல்லாவிட்டால் நான் லைன்மேனாக இருந்ததற்கு அர்த்தமில்லை. கரண்ட் கம்பிக்கு அடியில் எந்த மரமும் வைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்துவிட்டீர்கள் என்றால், கம்பிப் பக்கத்துக் கிளையை நீங்களே வெட்டப் போகாதீர்கள், வாரியத்தில் எழுதிக் கொடுங்கள். பழம் பறிக்க அலுமினியக் குழாயில் தொரட்டி செய்து வைத்திருக்கிறார்கள் இப்போது. அதையும் ஈர மூங்கிலையும் கம்பி ஓடுகிற பக்கம் தூக்கவே கூடாது. அப்படிப் போன இரண்டு சாவை நான் இறக்கிப் போட்டிருக்கிறேன். ஒரு பழத்துக்கு.

மாடியில் வைப்பவர்கள் 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் தொடங்கலாம், ஒரு வருடம் தாங்கும். பிறகு 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டி அதில் மாற்றுங்கள். மாடியில் தண்ணீர் தினமும் வேண்டும், தரையில் இரண்டாம் வருடத்துக்குப் பிறகு வாரம் இரண்டு தடவை போதும். எங்கள் மரத்துக்குப் பாதித் தண்ணீர் அரிசி களைந்ததுதான்.

கழிப்பது

நட்டு ஒரு வருடம் வளர விடுங்கள். நடுவில் ஒன்றிரண்டு பழம் காட்டும், அதில் மயங்க வேண்டாம். தண்டு கட்டைவிரலைத் தாண்டியதும் இடுப்பு உயரத்தில், மூன்று அடிக்கு, உச்சியை வெட்டுங்கள். அதில் இருந்து வருவதில் நாலு பக்கமும் பார்த்து நாலைந்து கைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். இந்தக் கைகள் நிரந்தரம். இவற்றில் இருந்து கிளம்பும் வளார்களைத்தான் ஒவ்வொரு தடவையும் கழிக்கப் போகிறோம். மரத்தை ஆள் உயரத்துக்கு மேல் விடாதீர்கள். ஏணி போட்டுப் பழம் பறிப்பதில் ஒரு சுகமும் இல்லை, ஏணி வேலை முப்பது வருடம் பார்த்தவன் சொல்கிறேன்.

கழிக்கிற அன்று ஒவ்வொரு வளாரையும் அடியில் இரண்டு மூன்று மொட்டுக் கணு மட்டும் விட்டு வெட்டுங்கள். அப்புறம் மரத்தில் மிச்சம் இருக்கிற இலை ஒவ்வொன்றையும் கையால் உருவிவிடுங்கள். இங்கேதான் எல்லோருக்கும் மனசு வராது. 'பாவம், நாலு இலை இருக்கட்டும்' என்று விடுவார்கள். அப்படி விட்ட கிளை அந்த நாலு இலையையே வளர்த்துக்கொண்டு சும்மா நிற்கும். முழுக்க மொட்டையாக்கினால் எல்லாக் கணுவும் ஒரே சமயத்தில் முழித்துக்கொள்ளும். முழித்த துளிரின் ஒவ்வொரு இலைக் கக்கத்திலும் பச்சைக் கம்பளிப்பூச்சி மாதிரி பிஞ்சு இருக்கும். வெட்டிய பத்துப் பதினைந்து நாளில் அது கண்ணுக்குத் தெரியும். அந்தச் சமயம் வீட்டில் அவள் தினமும் காலையில் காபியை எடுத்துக்கொண்டு அங்கேதான் நிற்பாள்.

வெட்டுவதற்குச் செடி வெட்டும் கத்தரி நல்லது. அரிவாள் பட்டையைக் கிழிக்கும். கத்தரிக்குள் அடங்காத கனக் கிளை என்றால் ரம்பம். முதலில் அடிப்பக்கம் கால்வாசி அறுத்துவிட்டு, அதற்கு ஒரு விரல் தள்ளி மேலே இருந்து அறுங்கள். அப்படிச் செய்யாமல் மேலே இருந்தே அறுத்தால், கிளை பாரத்தில் முறியும்போது தாய்த்தண்டின் பட்டையையும் கோவணம் மாதிரி உரித்துக்கொண்டு போகும். வெட்டிய இடத்தில் பால் வடியும், பயப்பட வேண்டாம்.

கழித்த அன்றே மரத்தடியைச் சுற்றி ஒரு அடி தள்ளிக் கொத்திவிட்டு, இரண்டு கூடை சாண எரு போட்டுத் தண்ணீர் நிற்க ஊற்றுங்கள். பத்து நாள் கழித்துக் கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஒரு வாளி. அந்த நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

எப்போது கழிப்பது என்பதுதான் நம் ஊருக்கென்று தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம். புத்தகத்தில் எழுதியிருக்கிற மாதம் எல்லாம் வேறு ஊருக்கு. கழித்ததில் இருந்து பழம் கைக்கு வர ஏறக்குறைய இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும், பழம் பறிக்கிற மூன்று வாரமும், காற்றிலும் அடைமழையிலும் மாட்டக் கூடாது. இதைக் கணக்குப் போட்டால் நமக்கு மூன்று தடவை வரும்.

பொங்கல் முடிந்த வாரம் முதல் தடவை. மழை ஈரம் மண்ணில் இருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. பங்குனியில் பழம். வருடத்திலேயே இதுதான் நல்ல அறுவடை. சித்திரை பிறந்ததும் இரண்டாவது. அது ஆனித் தொடக்கத்தில் பழுக்கும். நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டத்துக்கு முன்னால் பறித்து முடித்தாக வேண்டும் என்பது என் கணக்கு. தேர் வருகிற வீதிகளில் குறுக்கே போகிற கம்பிகளைக் கழற்றி, தேர் நிலைக்கு வந்ததும் திரும்ப மாட்டுகிற வேலை எங்களுக்கு இருக்கும். அந்த நாட்களில் பழத்தைப் பற்றி நினைக்க நேரம் இருக்காது. அப்படி வந்த கணக்குதான், ஆனால் காற்றுக்கும் அது சரியாகப் பொருந்திவிட்டது. ஆனி, ஆடி இரண்டு மாதமும் மேற்கே கணவாய் வழியாக அடிக்கிற காற்று நாள் முழுக்க நிற்காது. காற்றாலைக்காரர்களுக்கு அதுதான் அறுவடை, நமக்கு அது சத்துரு. இளந்துளிர் ஒரே நாளில் நுனி கருகிவிடும். அதனால் அந்த இரண்டு மாதம் கத்தரியைத் தொடாதீர்கள். ஆவணி பிறந்து காற்று தணிந்ததும் மூன்றாவது. ஐப்பசி முதல் வாரத்தில் பழம், மழை பிடிக்கும் முன் முடித்துவிடலாம். மழையில் நனைந்த பழம் சப்பென்று இருக்கும், மறுநாளே பூஞ்சை பிடிக்கும். கார்த்திகையும் மார்கழியும் மரத்துக்கு ஓய்வு. இளம் மரத்தை மூன்று தடவை கழிக்காதீர்கள், மூன்றாம் வருடம் வரை இரண்டு போதும்.

மாவுப்பூச்சி, எறும்பு, குயில்

நுனி இலை சுருண்டு, கொத்தாகக் கருத்து, பிரித்துப் பார்த்தால் வெள்ளை மாவு இருந்தால் அது மாவுப்பூச்சி. பட்டுப்புழுக்காரர்கள் துக்ரா என்பார்கள். பக்கத்தில் செம்பருத்தி இருந்தால் அங்கே இருந்துதான் வரும், எறும்புதான் சுமந்துகொண்டு வரும். சுருண்ட நுனியை அப்படியே வெட்டி சோப்புத் தண்ணீர் வாளிக்குள் போடுங்கள், தரையில் போட்டால் திரும்ப ஏறும். மிச்சத்தைக் குழாயை நசுக்கிப் பிடித்து வேகமாகத் தண்ணீர் அடித்தாலே பாதி போய்விடும். அதற்கும் மசியாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்பு கரைத்துச் சாயங்காலம் தெளியுங்கள். பழம் இருக்கும்போது வேண்டாம், கசப்பு ஏறும்.

கடுமையான மருந்து எதுவும் அடிக்க வேண்டாம் என்பதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. 2008-இல் கோவைப் பக்கம் முதலில் தெரிந்த பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாடு முழுக்கப் பரவிப் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளையாக்கியது. எங்கள் மரம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நின்றது. கடையில் கொடுத்த மருந்து எல்லாம் அடித்துப் பார்த்தேன், மாவு குறையவே இல்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்தார்கள், அசிரோபேகஸ் பப்பாயே என்று பேர். அந்தப் பூச்சிக்குள் முட்டை வைத்து அதைத் தின்றே தீர்க்கிற குளவி. வேளாண் பல்கலைக்கழகம் மூலமாக விட்டார்கள், அதற்கப்புறம்தான் அடங்கியது. மருந்து அடித்தால் அந்தக் குளவியும் சாகும்.

பறவைக்கு என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒருமுறை மரம் முழுக்க வலை போட்டேன். மறுநாள் விடிகாலையில் ஒரு குயில் இறக்கை மாட்டித் தலைகீழாகத் தொங்கியது. கத்தரித்து விடுவித்தேன், வலையையும் அன்றே சுருட்டிப் போட்டேன். இப்போது பழைய கொசுவலையில் தலையணை உறை அளவுக்குப் பை தைத்து, நல்ல காய்ப்புள்ள கிளைக்கு மட்டும் மாட்டிக் கட்டிவிடுகிறோம். உச்சிக் கிளை குயிலுக்கும் கொண்டைக்குருவிக்கும் மைனாவுக்கும். அணிலுக்கு எதை ஒதுக்கினாலும் அது தனக்குப் பிடித்ததைத்தான் எடுக்கும்.

பறிப்பதும் தின்பதும்

சிவப்பாக இருக்கும்போது பறித்தால் வீட்டில் வைத்துப் பழுக்காது, அப்படியே வாடும். முழுக்கக் கறுத்து, தொட்டாலே கையில் விழ வேண்டும். இழுத்தால்தான் வரும் என்றால் இன்னும் ஒருநாள் விடுங்கள். பேரனுக்கு இந்த ஒருநாள்தான் பெரிய சோதனை. "ஏல, செவப்பத் தொடாதல!" என்று அவன் ஆச்சி அடுக்களையில் இருந்தே கத்துவாள், அவள் கண்ணுக்கு அவன் தெரியவே மாட்டான், இருந்தாலும் சரியாகக் கத்துவாள்.

காலையில் வெயில் ஏறும் முன் பறியுங்கள். கீழே ஒரு பழைய வேட்டியை விரித்துக் கிளையை லேசாக உலுக்கினாலும் போதும், ஆனால் அந்த வேட்டியை மறந்துவிட வேண்டும். துணியில் கறை பட்டால் உடனே எலுமிச்சம்பழம் தேய்த்து அலசுங்கள், சோப்பு போட்டால் நீலமாகப் பிடித்துக்கொள்ளும். பழத்தை உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால் உள்ளே குட்டிப் புழு இருந்தாலும் மிதந்துவிடும். கழுவி வைக்காதீர்கள், தின்னும்போது கழுவுங்கள். ஃபிரிட்ஜில் இரண்டு நாள், அதற்கு மேல் தாங்காது. கடைகளில் இந்தப் பழத்தை அதிகம் பார்க்க முடியாததற்கும் அதுதான் காரணம்.

பங்குனியில் ஒரே வாரத்தில் மூன்று நாலு கிலோ வந்துவிடும். ஒரு கிலோவுக்கு 600 கிராம் சீனி, இரண்டு எலுமிச்சம்பழச் சாறு போட்டுக் கிண்டி ஜாம் ஆக்குவோம். அதைவிட எனக்குப் பிடித்தது, ஒரு கை பழத்தை டம்ளரில் மசித்து, நன்னாரி சர்பத்தும் எலுமிச்சையும் ஐஸும் போட்டுக் கலக்கிக் குடிப்பது. இதைக் கடையில் யாரும் விற்பதாகத் தெரியவில்லை. விற்றால் நன்றாக ஓடும்.

கூடவே வைக்கக்கூடியவை

வேலி ஓரமாக இடம் இருந்தால் களா வையுங்கள், கிளாக்காய் என்றும் சொல்வோம். நெல்லுக்கு வேலியிட்டதால் திருநெல்வேலி என்று ஊருக்குப் பேர் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் மல்பெரிக்குக் களாதான் வேலி. விதை காய்ந்தால் முளைக்காது, பழத்தில் இருந்து எடுத்த வாரமே கழுவி ஊன்ற வேண்டும். மூன்று நாலு வருடம் ஆகும் காய்க்க. அதன் பின் தண்ணீர்கூடக் கேட்காது. இதை மல்பெரி மாதிரி மொட்டையடிக்காதீர்கள், கிளை நுனியில் பூக்கிற ஜாதி இது. காய்த்து முடிந்தபின் ஒழுங்குபடுத்தினால் போதும். முள் ஒரு அங்குலத்துக்கு மேல் இருக்கும், செருப்பையும் துளைக்கும். காயை நறுக்கும்போது பால் ஒட்டும், கத்தியில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். ஊறுகாய் பழைய சோற்றுக்கு.

ஃபால்சா என்று வடக்கத்திப் பழம் ஒன்று, இதுவும் கழித்தால் காய்க்கிற ஜாதிதான். மார்கழிக் கடைசியில் கழித்தால் கோடையில் கருஞ்சிவப்பாகப் பொடிப்பழம் தரும். நான் ஒன்று வைத்திருந்தேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. மல்பெரி இலையை எல்லாம் கொட்டிவிட்டு மாதக் கடைசியில் துளிர்த்தது. களா எதுவுமே நடக்காத மாதிரி நின்றது. ஃபால்சா போனது போனதுதான். தண்ணீர் நிற்கிற இடத்தில் அதை வைக்காதீர்கள். சொடக்குத் தக்காளி தானாகவே முளைக்கும், பிடுங்காமல் இருந்தால் போதும். கூடு காய்ந்து தானாக உதிர்ந்த பழத்தைத்தான் தின்ன வேண்டும், பச்சைக் காயைத் தின்னக் கூடாது. அந்த இருநூறு ரூபாய் மிளகுதக்காளியும் இன்றைக்குவரை விழுந்து விழுந்து முளைத்துக்கொண்டுதான் இருக்கிறது. வத்தலுக்கு ஆகிறது.

குச்சி கேட்டு யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். பொங்கல் கழிப்பில் வருகிற குச்சிகளை ஜாண் ஜாணாக வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். தலைகீழாக நட்டுவிடக் கூடாதே என்று, மேல்பக்கம் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று சுற்றிக் கொடுப்பேன். இலை வருகிற பக்கம் என்பதால் பச்சை டேப். போன வருடம் கூட வேலை பார்த்த வயர்மேன் ஒருவர் பத்துக் குச்சி வாங்கிப்போனார். ஒன்றரை மாதம் கழித்து, ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை என்று போன் போட்டார். நேரில் போய்ப் பார்த்தால் பத்துக் குச்சியிலும் டேப்பையே காணோம். ஒன்றைப் பிடுங்கினேன், டேப் மண்ணுக்குள் இருந்தது.

"ஏன்வே, டேப் சுத்துனது மேலன்னு சொன்னேம்லா?"

"அதெல்லாம் நீரு எங்க சொன்னீரு? பச்சைன்னா எர்த்துல்லா, அதான் மண்ணுக்குள்ள போட்டேன்."

இந்த வருடம் முதல் சிவப்பு டேப் சுற்றுகிறேன்.